சாந்துப்பொட்டும் மரங்கேறியும்: சிறுவயதுப் பாலின வெளிப்பாடும் வளர்ந்தபின் பாலீர்ப்பும்

பொழியூரும் நீரோடியும் ஒரே கடற்கரையின் இரு துண்டுகள். 1956 நவம்பர் 1 அன்று நீரோடியைக் கொண்ட விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துக்குப் போனது. பொழியூரைக் கொண்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. பாறசாலைச் சந்தையில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் புழங்குகின்றன. வசைச்சொற்களுக்கும் எல்லைக்கல் தெரியாது. நடையில் நளினமோ குரலில் மென்மையோ உள்ள பையனுக்கு இரு பக்கத்திலும் ‘ஒன்பது’ என்ற பட்டம் உண்டு. தமிழின் ‘பொட்டை’ அந்தப் பக்கம் போகும், மலையாளத்தின் ‘ஆணும் பெண்ணும் கெட்டவன்’ இந்தப் பக்கம் வரும். 2005-இல் லால் ஜோஸ் இயக்கிய ‘சாந்துப்பொட்டு’ என்ற மலையாளப் படம் வெளியானதும் அந்தச் சொல்லும் பட்டியலில் சேர்ந்தது. பையன்களோடு பந்து உதைக்கிற, மரமேறுகிற சிறுமிக்கு மலையாளத்தில் ‘மரங்கேறி’ என்று பெயர். அதில் கண்டிப்பு பாதி, செல்லம் பாதி. பையனுக்குக் கிடைக்கும் சொற்களில் செல்லம் கிடையாது. இந்த ஏற்றத்தாழ்வு பின்னால் ஆய்வாளர்களின் எண்களிலும் வந்து நிற்கும்.

இந்த வசைகளுக்குள் ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது: இந்தப் பிள்ளை வளர்ந்தால் ‘வேறு மாதிரி’ ஆகிவிடும் என்பது. அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் சரி? சிறுவயதில் எதிர்ப்பாலின் சாயலில் விளையாடி, உடுத்தி, பேசும் குழந்தைக்கும் வளர்ந்தபின் அவர் யாரை விரும்புகிறார் என்பதற்கும் தொடர்பு உண்டா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்களும் உளவியலாளர்களும் இதற்கு விடை சொல்லி வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பல வேளைகளில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகளே ஒன்றாக இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஒரு வசை, மூன்று பொருள்

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நடை, உடை, விளையாட்டு, பேச்சு ஆகியவற்றில் வெளியே தெரிவது பாலின வெளிப்பாடு. ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது பாலின அடையாளம். யார்மேல் நாட்டம் என்பது பாலீர்ப்பு. ‘ஒன்பது’ என்கிற ஒரே சொல் இந்த மூன்றையும் சேர்த்து அடிக்கிறது.

பழந்தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் தெருவைவிட நிதானமானது. பேடு என்று சொல்லப்படுபவரை எந்தப் பாலில் வைத்துப் பேசுவது என்று நன்னூல் விதி சொல்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுபவர் ஆண்பால், ஆண்மையை விட்டவர் பெண்பால் என்பது அதன் சாரம். அங்கே பேசப்படும் அவா, அந்த மனிதர் எதுவாக இருக்க விரும்புகிறார் என்பது பற்றியது. அவர் யாரை விரும்புகிறார் என்பதைப் பற்றி இலக்கணத்துக்கு அக்கறை இல்லை. இன்றைய அரசு மொழியில் இந்தப் பிரிவினை வர வெகுகாலம் ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் தமிழக அரசு பால்புதுமையரைக் குறிக்கும் சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது 2022 ஆகஸ்டில்தான்.

வித்தும் வளர்ப்பும்

‘பிறவியிலேயே அப்படி’ என்பது மிகப் பழைய விடை. சுசுருத சங்கிதையின் சாரீர ஸ்தானம் என்ற பகுதி ஆண்மை திரிந்தவர்களைச் சில வகைகளாகப் பிரித்து, பெற்றோரின் வித்திலும் அவர்கள் கூடிய விதத்திலும் காரணம் தேடுகிறது. பெண் ஆணின் இடத்தில் இருந்து கூடினால் பிறக்கும் ஆண்குழந்தை பெண்சாயலோடு இருக்கும் என்பது அதன் கணக்கு. திருமந்திரம் மூச்சு ஓடும் நாசியைக் காரணமாக்குகிறது. இரண்டும் ஒத்து ஓடினால் பிறப்பது அலி. இவை இன்று ஏற்கத்தக்க விளக்கங்கள் அல்ல. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: பழி போவது கருவுற்ற கணத்தின்மேல், பிள்ளை வளர்த்த விதத்தைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை.

ஐரோப்பாவில் 1860-களில் கார்ல் ஹைன்றிஷ் உல்ரிக்ஸ் என்ற ஜெர்மானியச் சட்டவல்லுநர் ஏறத்தாழ இதே திசையில் வந்தார். ஆண் உடலுக்குள் பெண் ஆன்மா என்பது அவருடைய சூத்திரம். தன் சொந்தக் குழந்தைப்பருவத்தின் பெண்சாயலை அதற்குச் சான்றாக்கினார். அவர் வழிவந்த மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே எண்ணற்ற இடைநிலைகள் உண்டு என்றார். 1931-இல் இந்தியாவுக்கும் வந்துபோனார். இந்த மரபின் பலம், தன்பாலீர்ப்பைக் குற்றத்திலிருந்து விடுவிக்க முயன்றது. பலவீனம், ஈர்ப்பையும் சாயலையும் ஒன்றாக்கியது. ஆணை விரும்பும் ஆணுக்குள் பெண் இருந்தே தீரவேண்டும் என்றால், எந்தப் பெண்சாயலும் இல்லாத தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு அந்தக் கோட்பாட்டில் இடமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. சிக்மண்ட் பிராய்ட் 1905-க்குப் பின் குடும்ப நாடகத்தைக் காரணமாக முன்வைத்தார். அவருடைய எழுத்தில் தயக்கங்கள் நிறைய உண்டு. பின்வந்தவர்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. 1962-இல் இர்விங் பீபரும் சகாக்களும் உளப்பகுப்பு சிகிச்சையில் இருந்த 106 தன்பாலீர்ப்பு ஆண்களை 100 எதிர்ப்பாலீர்ப்பு ஆண்களோடு ஒப்பிட்டு, இறுக அணைக்கும் தாயும் விலகி நிற்கும் தந்தையும்தான் காரணம் என்று அறிவித்தார்கள். வினாத்தாளை நிரப்பியவர்கள் அந்த ஆண்கள்கூட அல்லர், அவர்களுடைய சிகிச்சையாளர்கள். தாங்கள் நம்பும் கோட்பாட்டைத் தாங்களே நிரப்பிய தாளில் தேடினால் கிடைக்காமல் போகுமா?

நம் ஊர்களில் வளர்ப்புக் கோட்பாட்டுக்கு உளப்பகுப்பு தேவைப்படவில்லை. பெண்கள் நடுவில் வளர்ந்தவன், பாட்டி செல்லம், தலைபின்னிப் பூ வைத்துப் பார்த்தார்கள் என்று காரணங்கள் தயார். ‘சாந்துப்பொட்டு’ படத்தின் கதையும் அதுதான்: பேத்தி வேண்டும் என்று ஏங்கிய பாட்டி பேரனைப் பெண்ணாக வளர்க்கிறாள், கடற்கரையில் அவன் பெண்சாயலோடு வளர்கிறான். ஆனால் அந்தக் கதாபாத்திரம் படத்தில் விரும்புவது ஒரு பெண்ணை. வெளிப்பாடு வேறு, ஈர்ப்பு வேறு என்பதைப் படம் அறிந்தோ அறியாமலோ காட்டிவிட்டது. தெரு அந்தப் பாதியை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ், மலையாள வீடுகளில் ஆண்குழந்தைக்குப் பூச்சடை தைத்து, பாவாடை கட்டி ஸ்டுடியோவில் படம் எடுப்பது சர்வசாதாரணம். அந்தப் படங்கள் அலமாரிகளில் லட்சக்கணக்கில் இருக்கும். வளர்ப்புக் கோட்பாடு அவற்றுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

1981: பெற்றோர்மேல் இருந்த பழி தளர்கிறது

பீபரின் விடையை அசைத்தது கின்ஸி நிறுவனத்தின் ஆய்வு. ஆலன் பெல், மார்ட்டின் வைன்பெர்க், சூ ஹேமர்ஸ்மித் மூவரும் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 979 தன்பாலீர்ப்பினரிடமும் 477 எதிர்ப்பாலீர்ப்பினரிடமும் 1969-70 காலத்தில் எடுத்த நேர்காணல்களை அலசி 1981-இல் நூலாக்கினார்கள். தாய், தந்தை, சகோதரர், முதல் பாலனுபவம், நட்பு என்று அதுவரை சொல்லப்பட்ட காரணங்களை வரிசையாக அடுக்கிச் சோதித்தார்கள். பெற்றோர் பற்றிய காரணங்கள் வலுவிழந்தன. வயதுவந்த பின் ஈர்ப்போடு மிக வலுவாகப் பிணைந்து நின்றது ஒன்று: சிறுவயதில் தம் பாலுக்குரியதாகக் கருதப்படும் விளையாட்டிலும் நடத்தையிலும் பொருந்தாதிருந்தது.

இன்னொன்றும் அப்போது தெளிவாயிற்று. தந்தை விலகி நின்றதால் மகன் பெண்சாயலானான் என்று பீபர் படித்தது, மகன் பெண்சாயலாக இருந்ததால் தந்தை விலகினார் என்றும் படிக்கப்படலாம். கடற்கரைக் கிராமத்திலோ நகரத்து அடுக்ககத்திலோ, பந்தைக் கண்டு ஒதுங்கும் மகனைப் பார்த்து முகம் சுருங்கும் தந்தையை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடந்திருக்கலாம்.

நினைவை எவ்வளவு நம்பலாம்?

பெல் குழுவுக்கு வந்த முதல் மறுப்பு நினைவு பற்றியது. வளர்ந்தவரிடம் ‘சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள்?’ என்று கேட்டால், இன்றைய தன்னை விளக்கும் விதமாகவே பழையதைத் தேர்ந்தெடுப்பார். சமூகம் தரும் கதைச்சட்டகமும் உதவும். கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாவதில் தொடங்கி, வளர்ந்து ஆண்மேல் காதல் கொள்வதுவரை போகும் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவல் 1994-இல் வந்தது. வாசித்த பலர் தங்கள் வாழ்வை அதில் கண்டார்கள். அது நாவலின் வெற்றி. ஆய்வாளருக்கோ அதுதான் தலைவலி: கதை நினைவைத் தூண்டியதா, நினைவுக்கு உருவம் கொடுத்ததா?

1995-இல் மைக்கேல் பெய்லியும் கென்னத் சக்கரும் அதுவரையிலான பின்னோக்கு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சிறுவயதுச் சாயலில் தன்பாலீர்ப்பினருக்கும் எதிர்ப்பாலீர்ப்பினருக்கும் இடையிலான தொலைவு ஆண்களில் 1.31 திட்ட விலக்கம், பெண்களில் 0.96. சாதாரண மொழியில்: சராசரித் தன்பாலீர்ப்பு ஆண் தன் பிள்ளைப்பருவத்தைப் பற்றிச் சொல்லும் மதிப்பெண், நூறு எதிர்ப்பாலீர்ப்பு ஆண்களில் ஏறத்தாழ தொண்ணூறு பேரைத் தாண்டி நிற்கும். உளவியலில் இவ்வளவு பெரிய வேறுபாடு அடிக்கடி தென்படுவதில்லை. அத்தனையும் நினைவின் புனைவு என்று தள்ளுவதும் கடினம்.

நினைவைத் தவிர்க்கும் வழி ஒன்றை 2008-இல் கெருல்ஃப் ரீகரும் குழுவும் கண்டார்கள். வளர்ந்தவர்களிடமிருந்து அவர்களுடைய சிறுவயது வீட்டு வீடியோக்களை வாங்கி, அவர்கள் யார் என்று அறியாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் செய்தார்கள். பிற்பாடு தன்பாலீர்ப்பினரான குழந்தைகள் சராசரியில் கூடுதலாகப் பால்வழக்கம் மீறியவர்களாகவே மதிப்பிடப்பட்டார்கள். நினைவு முழுப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தாமே முன்வந்து வீடியோ கொடுத்தவர்களின் சிறு தொகுதி அது. 1980-களில் வீட்டில் வீடியோ கேமரா வைத்திருந்தவர்கள் யார் என்பதையும் மறக்கக் கூடாது.

அதைவிடக் கனமான சான்று இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்விலிருந்து வந்தது. இரண்டரை, மூன்றரை, நாலேமுக்கால் வயதுகளில் பிள்ளை எதைக்கொண்டு, எப்படி விளையாடுகிறது என்று பெற்றோர் நிரப்பிய பட்டியல். அதே பிள்ளைகள் 15 வயதில் சொன்ன பாலீர்ப்பு. இவற்றை மெலிசா ஹைன்ஸ் குழு 2017-இல் இணைத்துப் பார்த்தது. 4,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். யாரும் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். மூன்றரை வயதிலிருந்தே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது, இரண்டரையில் அவ்வளவு சீராக இல்லை. பதினைந்து வயதில் சொல்வது இறுதிச்சொல் அல்ல என்ற குறை இருக்கிறது. எனினும் நினைவு பற்றிய பழைய மறுப்பு இதன்பின் மிகவும் மெலிந்துவிட்டது.

முன்னோக்கிப் பார்த்தவர்கள்

குழந்தையிலிருந்து தொடங்கிப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பெயர்பெற்றது ரிச்சர்ட் கிரீனுடையது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், மிகுந்த பெண்சாயல் கொண்டவர்கள் என்று அனுப்பப்பட்ட 66 சிறுவர்களை ஒப்பீட்டுக் குழுவோடு சேர்த்துப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 1987-இல் நூல் வந்தது. கடைசிவரை தொடர முடிந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தன்பாலீர்ப்பினராகவோ இருபாலீர்ப்பினராகவோ வளர்ந்திருந்தார்கள். தன்னைப் பெண்ணாக உணர்ந்தவர் அரிது. பெண்சாயலை மாற்றச் சிகிச்சை பெற்ற சிறுவர்களின் முடிவும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. நூலின் தலைப்பே ‘பெண்சாயல் பையன்’ என்பதற்கான ஆங்கில வசைச்சொல். ஆய்வுமொழியும் தெருமொழியும் ஒன்றையொன்று நக்கல் செய்துகொண்ட இடம்.

டொரண்டோவில் பாலின அடையாள முரணுக்காக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 139 சிறுவர்களைத் தொடர்ந்த ஆய்வு 2021-இல் வெளியானது. வளர்ந்தபின்னும் பாலின அடையாள முரண் நீடித்தவர்கள் 12.2 விழுக்காடு, ஈர்ப்பளவில் ஆண்களை அல்லது இருபாலரையும் விரும்புவதாகச் சொன்னவர்கள் 63.6 விழுக்காடு. சிறுமியரைப் பற்றி அதே மருத்துவமனையிலிருந்து 2008-இல் வந்த ஆய்வில் இருந்தவர்களே 25 பேர். முரண் நீடித்தவர்கள் மூவர். இருபத்தைந்து பேரை வைத்து உலகத்துச் சிறுமியரைப் பற்றி எதுவும் பேசுவது துணிச்சல்தான்.

இங்கேதான் இன்றைய சூடான விவாதம் வெடிக்கிறது. ‘பெரும்பாலான பிள்ளைகள் பின்னால் தன்பாலீர்ப்பினராகத்தான் வளர்வார்கள், திருநர் ஆவதில்லை’ என்பதற்கு மேற்சொன்ன ஆய்வுகளே ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. எதிர்த்தரப்பு சொல்வது: அன்றைய மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் பால்வழக்கம் மீறிய பிள்ளைகள் மட்டுமே, தாம் வேறு பாலினர் என்று சொன்னவர்கள் அல்லர். கிறிஸ்டினா ஓல்சன் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பெயரையும் உடையையும் ஏற்கெனவே மாற்றிக்கொண்டு வாழ்ந்த 317 பிள்ளைகளில் 94 விழுக்காட்டினர் ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்தும் அதே அடையாளத்தில் இருந்தார்கள். இந்த இரு தொகுதிகளும் ஒரே வகைப் பிள்ளைகள் அல்ல. ஒன்றின் எண்ணைக் கொண்டு மற்றதை மறுப்பதும், குடும்பமே ஏற்றுக்கொண்ட பிள்ளைகளின் எண்ணை எல்லோருக்கும் நீட்டுவதும் ஒரே வகைப் பிழை.

கணக்கு செய்யும் வேடிக்கை

பெய்லியும் சக்கரும் தங்கள் எண்களைத் திருப்பிப்போட்டு ஒரு மதிப்பீடும் செய்தார்கள். மிகுந்த எதிர்ப்பால் சாயலுள்ள சிறுவர்களில் சுமார் 51 விழுக்காட்டினர் தன்பாலீர்ப்பினராகலாம். சிறுமியரில் 6 விழுக்காட்டினர். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சிறுமியர், அவர்களில் 20 பேர் பின்னால் பெண்களை விரும்புபவர்கள், அந்த இருபதில் 12 பேர் சிறுவயதில் மரங்கேறிகள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 980 பேரில் ஐந்தில் ஒருவர், அதாவது 196 பேர், அவர்களும் மரங்கேறிகள். மொத்த மரங்கேறிகள் 208, அதில் 12. ஆறு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சிறுவர்களிடம் பெண்சாயல் வெளியே தெரிவது அரிது, ஏனென்றால் அதற்கு விதிக்கப்படும் தண்டனை கடுமை. ஆயிரம் பேரில் 30 தன்பாலீர்ப்பினர், அவர்களில் 15 பேர் பெண்சாயல் உள்ளவர்கள். மீதி 970 பேரில் அப்படிப்பட்டவர்கள் வெறும் 19. இப்போது 34-இல் 15.

இதே கணக்கில் இன்னொரு பாதி இருக்கிறது. முப்பதில் மீதிப் பதினைந்து பேர் யார் கண்ணிலும் படவில்லை. 2023-இல் ஜியோ பேபி இயக்கி மம்மூட்டி நடித்த ‘காதல் தி கோர்’ படத்தின் மாத்யூ தேவஸி அந்தப் பதினைந்தில் ஒருவர்: ஊர் மதிக்கும் மனிதர், அவருடைய நடை உடையில் யாரும் குறை கண்டதில்லை. தெருவின் கணிப்பு இத்தகையவரைப் பிடிப்பதே இல்லை. தன் தவறையும் அது எண்ணிப் பார்ப்பதில்லை.

எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதும் விடையை மாற்றுகிறது. அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே வளர்ந்த ஏறத்தாழ பத்தாயிரம் இளைஞர்களை வைத்து ஆண்ட்ரியா ராபர்ட்ஸ் குழு 2012-இல் செய்த ஆய்வில், பால்வழக்கம் மீறியவர்களாகக் கணக்கிடப்பட்டவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் எதிர்ப்பாலீர்ப்பினரே. கிரீனின் நான்கில் மூன்றையும் இதையும் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்வது யார் என்று தோன்றும். இருவரும் இல்லை. ஒருவர் பெற்றோர் பயந்துபோய்க் கூட்டிவந்த பிள்ளைகளைப் பார்த்தார், மற்றவர் வகுப்பில் சற்றே வித்தியாசமாக இருந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தார். ராபர்ட்ஸ் குழு முதன்மையாகக் கண்டது வேறொன்று: இத்தகைய பிள்ளைகள் குழந்தைப்பருவத்தில் கூடுதலாக வதைபட்டிருந்தார்கள், பிற்கால மனவடுவும் அவர்களிடம் அதிகம். பெரும்பான்மையோர் எதிர்ப்பாலீர்ப்பினர் என்பதால், வசையின் பெரும்பங்கு விழுந்தது அதன் இலக்கில்கூட இல்லாதவர்கள்மேல்.

காரணம் என்ன?

தொடர்பு இருக்கிறது என்று ஏற்றாலும் ஏன் என்ற கேள்வி நிற்கிறது. கருவறை இயக்குநீர்களைச் சொல்பவர்களின் சிறந்த சான்று, பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி உள்ள சிறுமியர். கருவிலேயே ஆண் இயக்குநீர் மிகுந்து பட்ட இவர்கள் பையன்களின் விளையாட்டுப் பொருள்களை நாடுவது பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. பெண்களை விரும்புவோர் இவர்களில் மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனாலும் பெரும்பாலோர் ஆண்களையே விரும்புகிறார்கள். ஒரே காரணி விளையாட்டை வெகுவாகவும் ஈர்ப்பைச் சிறிதாகவும் அசைக்கிறது என்றால், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை அல்ல.

ஆஸ்திரேலிய இரட்டையர் ஆய்வு சிறுவயது வெளிப்பாட்டில் மரபுக்குப் பங்குண்டு என்று 2000-இல் காட்டியது. 4,70,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை அலசிய 2019 ஆய்வு, தன்பாலுறவு நடத்தையில் பல மரபணுக்களுக்குச் சிறுசிறு பங்கு உண்டு, எந்த ஒருவரைப் பற்றியும் அதை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றது.

டேரில் பெம் 1996-இல் சொன்ன விளக்கம் இவற்றுள் சுவையானது. மரபு தருவது குணத்தை மட்டும். குணம் விளையாட்டுத் தோழரைத் தீர்மானிக்கிறது. எந்தப் பாலாரிடமிருந்து தான் அன்னியப்பட்டதாகப் பிள்ளை உணர்கிறதோ அந்தப் பாலார் பின்னால் கிளர்ச்சி தருபவராகிறார்கள். அன்னியமே ஈர்ப்பாகிறது. அழகான சங்கிலி, கண்ணிகள்தான் பலமில்லை. பெண்களின் அனுபவம் இதில் பொருந்தவில்லை என்று லெட்டிஷியா பெப்லாவும் சகாக்களும் 1998-இல் மறுத்தார்கள். நம் பக்கம் வந்தால் இன்னொரு சிக்கல். ஆண்பள்ளி, பெண்பள்ளி, பேருந்தில் தனி இருக்கை, தேவாலயத்தில்கூட இரு பக்கம் என்று வளரும் ஊரில் எதிர்ப்பால் எல்லோருக்குமே அன்னியம். பெம் சொல்வது சரியென்றால் இங்கே தன்பாலீர்ப்பு வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அப்படிக் குறைந்திருப்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

கோத்தி, பந்தி, திருநங்கை

மேலே சொன்ன ஆய்வுகளின் பிள்ளைகள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வளர்ந்தவர்கள். முடிவுகள் மற்ற இடங்களுக்குப் பொருந்துமா? ஃபிரெடரிக் விட்டம் பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் இதே சிறுவயதுக் குறிகளைக் கண்டதாகச் சொன்னார். பால் வேஸி சமோவா தீவில் ஃபஅஃபாஃபினே எனப்படுவோரிடம் கண்டார். அங்கே பெண்சாயல் கொண்ட சிறுவனுக்குச் சமூகத்தில் பெயரும் இடமும் உண்டு. கனடாவில் ‘தன்பாலீர்ப்பு ஆண்’ என்று வளரக்கூடிய அதே பிள்ளை அங்கே வேறொரு பாலினமாக வளர்கிறது. அடிப்படையில் ஒரு பொதுத்தன்மை இருக்கலாம், போய்ச் சேரும் இடத்தை ஊர் தீர்மானிக்கிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் எச்சரிக்கையான ஊகம்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இந்த ஊகத்துக்கு இடம் இருக்கிறது. பெண்சாயல் கொண்ட ஆண்கள் தம்மிடையே புழங்கும் ‘கோத்தி’ என்ற சொல்லும், அவர்களுடைய ஆண்துணையைக் குறிக்கும் ‘பந்தி’ என்ற சொல்லும் மேற்கத்திய வகைப்பாட்டோடு ஒட்டுவதில்லை. பந்தி ஆணோடு உறவு கொண்டாலும் வெறும் ஆண். ஊர் கண்ணில் அவன் மாறுபட்டவன் அல்லன். இங்கே மனிதரைப் பிரிப்பது யாரோடு உறவு என்பதைவிட எந்தச் சாயலில் என்பதுதான். இந்த இருவரிடமும் பாலீர்ப்பு வினாத்தாளைக் கொடுத்தால் வெளிப்பாட்டுக்கும் ஈர்ப்புக்கும் உள்ள தொடர்பு தாறுமாறாக மாறும்.

ரேவதி தொகுத்த ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ போன்ற நூல்கள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. அவற்றில் வரும் சிறுவயதுக் காட்சிகள் கிரீனின் சிறுவர்களுடையதைப் போலவே இருக்கின்றன, வந்துசேர்ந்த இடம் திருநங்கை அடையாளம். தன்பாலீர்ப்பு ஆணாக வாழ்வதற்குப் பெயரோ இடமோ இல்லாத ஊரில், திருநங்கையரின் ஜமாத்தும் குருவும் ஒரு முகவரியாக இருக்கும்போது, சிலர் அந்த வழியில் போயிருக்கலாம். திருநங்கையரே இதை மறுப்பார்கள்; அவர்கள் மறுப்புக்கும் நியாயம் உண்டு. வெளிப்பாட்டை வைத்து அடையாளத்தைப் படிப்பதற்கும் எல்லை உண்டு: கேரளத்தின் சவறை கொற்றங்குளங்கரைக் கோயிலின் சமய விளக்குத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பெண்வேடமிட்டு விளக்கேந்தும் ஆயிரக்கணக்கான ஆண்களில் வேண்டுதலுக்கு வந்தவர் யார், வேடத்துக்காகவே வந்தவர் யார் என்று பார்வையாளர் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வெளிப்பாடு அங்கே வழிபாடு.

கணிப்பு சிகிச்சையானபோது

இந்தக் கேள்வி ஆய்வேடுகளோடு நின்றிருந்தால் இவ்வளவு சச்சரவு இருந்திருக்காது. கிரீனின் பல்கலைக்கழகத்திலேயே ஜார்ஜ் ரீக்கர்ஸும் இவார் லோவாஸும் ஐந்து வயதை ஒட்டிய ஒரு சிறுவனின் பெண்சாயலை ‘திருத்தி’ 1974-இல் வெற்றியாக அறிவித்தார்கள். வீட்டில் ஆண்நடத்தைக்கு நீலவில்லை, பெண்நடத்தைக்குச் சிவப்புவில்லை. சிவப்பு சேர்ந்தால் தந்தையின் அடி. அந்தச் சிறுவன் வளர்ந்து 2003-இல் தற்கொலை செய்துகொண்டார். கட்டுரையை வெளியிட்ட இதழ் அதன்மீது கவலைக்குறிப்பு சேர்த்தது 2020-இல்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது. 1980 பதிப்பில் குழந்தைகளின் பாலின அடையாளக் கோளாறு என்ற புதுப்பெயர் நுழைந்தது. முன்வாசலில் வெளியேற்றியதைப் பின்வாசலில் அழைத்தார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஈவ் செட்ஜ்விக் 1991-இல் எழுதிய கட்டுரை அதன் கூர்மையான வடிவம். சக்கரும் ராபர்ட் ஸ்பிட்சரும் அதை மறுத்தார்கள். உள்நோக்கத்தை நிறுவுவது கடினம். ஆனால் பெண்சாயல் தன்பாலீர்ப்புக்கு முன்னறிகுறி என்ற கண்டுபிடிப்பே, அதை முளையில் கிள்ளலாம் என்ற ஆசைக்கு எரிபொருளானது என்பதை மறுக்க முடியாது.

இந்தியாவில் சட்டம் தாமதமாக வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவைத் தளர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில் இந்திய மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பு நோயல்ல என்று கூறியிருந்தது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணை, ஈர்ப்பையோ அடையாளத்தையோ மாற்ற முயலும் சிகிச்சையைத் தடுத்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. கேரளத்தில் பால்புதுமையர் அமைப்பான குயரள இதே கோரிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ஆட்கொணர்வு வழக்குகளில் ஈர்ப்பை மாற்றும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று நீதிமன்றங்களுக்கே வழிகாட்டியது. இவை யாவும் வளர்ந்தவர்களின் வழக்குகளிலிருந்து பிறந்தவை. எட்டு வயதுப் பையனைக் கைப்பிடித்து ‘இவனை ஆம்பிளையாக்குங்கள்’ என்று கேட்டு வரும் குடும்பம் ஈர்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை, நடையைப் பற்றிப் பேசுகிறது. வகுப்பறைக்கான வழிகாட்டியும் நிலைக்கவில்லை: திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது பற்றி 2021-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையத்திலிருந்து மறைந்தது.

தீராதவை

குழுக்களின் சராசரியில் தொடர்பு உண்டு என்பது இப்போது ஓரளவு உறுதி. ஒரு தனிப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்கு அது போதாது, சிறுமியர் விஷயத்தில் அறவே போதாது. பெற்றோர் காரணம் என்பதற்கான சான்று தேய்ந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த உயிரியல் விளக்கங்கள் துண்டு துண்டாக நிற்கின்றன. வெளிப்பாட்டிலிருந்து அடையாளமும் ஈர்ப்பும் எந்தப் புள்ளியில் பிரிகின்றன என்பதற்கு, ஒரே தொகுதிப் பிள்ளைகளை மூன்றுக்கும் சேர்த்து முப்பது வயதுவரை தொடரும் ஆய்வுதான் ஏதாவது சொல்லக்கூடும்.

அப்படி ஒன்றை இந்த எல்லைக் கடற்கரையில் தொடங்கினால் முதல் சிக்கல் வினாத்தாளிலேயே வரும். ஏவன் ஆய்வில் பயன்பட்ட பட்டியலில் 24 கேள்விகள்: பொம்மை, தேநீர்க் கோப்பை, கருவிப்பெட்டி, வாள், அழகான பொருள்களில் ஆசை, அழுக்காகப் பயம் என்று போகும். பொழியூர்க் கரையில் ஊசியும் நூலும் எடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பது ஆண்கள். மீன்கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குப் போய், உரத்த குரலில் விலைபேசி, காசை மடியில் முடிந்துகொண்டு திரும்புவது பெண்கள். இங்கே ஒரு பையன் அப்பனைப் பார்த்து நூல்கோத்து விளையாடினால் எந்தக் கட்டத்தில் குறிப்பது? அம்மாவைப் போலச் சந்தையில் சத்தம்போட்டு விலைபேசி விளையாடும் சிறுமியை?